பூட்டும் முன்னே தூங்கிப்போன லேப்டாப்

அக்கா மனநல ஆலோசகர். வீட்டின் முன்னறையில்தான் ஆட்களைப் பார்க்கிறாள். ஒவ்வொருவரும் பேசிவிட்டுப் போன பிறகு அவர்களைப் பற்றித் தமிழில் குறிப்பு எழுதி வைப்பது வழக்கம். போன ஆடியில் ஒரு நாள், குறிப்பை எழுதிய கையோடு லேப்டாப்பை மூடிவிட்டு அடுத்தவரை உள்ளே அழைத்திருக்கிறாள். வந்த பெண் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த சந்திப்புக்குத் தேதி பார்க்கலாம் என்று அக்கா மூடியைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்கும் திரை வரவில்லை. முந்தைய ஆளின் குறிப்பு, பெயரோடு, திரை முழுக்க விரிந்து கிடந்தது. இரண்டு எண்ணுவதற்குள் பூட்டு வந்து மூடிவிட்டது. ஆனால் பக்கத்தில் இருந்தவர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டாள்.

அன்று ராத்திரி போன் செய்தாள். "தம்பி, இந்த லேப்டாப் மூடினா பூட்டுதா, இல்லையா? எனக்கு ஒரே வார்த்தையில பதில் வேணும்."

அதை அமைத்துக் கொடுத்தவன் நான். அந்த ராத்திரி என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. கூடவே இன்னொரு குறையும் சொன்னாள்: சில நாள் சரியான கடவுச்சொல்லையே ஏற்க மாட்டேன் என்கிறது, எத்தனை தடவை அடித்தாலும் தவறு என்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போட்டால் உடனே திறந்துவிடுகிறது. இரண்டும் ஒரே கோளாறு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

இயந்திரம் பழையது, 4 ஜிபி ரேம். அதனால் கனமான டெஸ்க்டாப் எதுவும் போடாமல் ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 அமைப்பின் மேல், ஐ3 என்ற எளிய சாளர மேலாளரை வைத்திருந்தேன். இந்த ஏற்பாட்டில் திரை பூட்டுவது ஒரே நிரலின் வேலை கிடையாது. மூடி மூடப்பட்டதைக் கவனித்துக் கணினியைத் தூங்க வைப்பது சிஸ்டம்டி-லாகின்டி. "தூங்கப் போகிறோம்" என்ற அதன் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருந்து பூட்டு நிரலைக் கிளப்பிவிடுவது எக்ஸ்எஸ்எஸ்-லாக். திரையை மறைத்துக் கடவுச்சொல் கேட்பது ஐ3லாக். கடைசி இரண்டுக்கும் நடுவே நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. அது அப்போதைய திரையைப் படம் பிடித்து, இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியால் மங்கலாக்கி, அந்தப் படத்தை ஐ3லாக்குக்குப் பின்னணியாகக் கொடுக்கும். பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

<b>தேடிய இடம் தவறு</b>

மூடியைத் திறக்கும்போது தெரிகிற குறை என்பதால், விழிப்பதில்தான் ஏதோ சிக்கல் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மாலைப்பொழுதுகள் அதிலேயே போயின. வரைகலை இயக்கியைச் சந்தேகித்தேன். பிறகு தூக்க முறையைச் சந்தேகித்தேன். லினக்ஸில் லேப்டாப் தூங்க இரண்டு வழிகள் பொதுவாக உண்டு. ஒன்று எஸ்2ஐடில்: செயலி சும்மா இருக்கும், ஆனால் பலகை முழுதாக அணையாது. இன்னொன்று டீப் எனப்படும் எஸ்3: நினைவகம் தவிர ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். அக்காவின் இயந்திரம் எஸ்2ஐடிலில் இருந்தது. டீப்புக்கு மாற்றினேன். விழிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது, அவ்வளவுதான். குறிப்பு தெரிவது அப்படியே இருந்தது.

லாகின்சிடிஎல் கட்டளையால் அமர்வைப் பூட்டச் சொல்லியும் பார்த்தேன். பத்து தடவையும் ஒழுங்காகப் பூட்டியது. அதைப் பார்த்துவிட்டு, பூட்டும் பகுதியில் பிழை இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். அங்கேதான் வழி தப்பியது. கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பூட்டுவதற்கு வேண்டிய அவகாசம் தானாகக் கிடைத்துவிடுகிறது. மூடியை மூடும்போது அந்த அவகாசம் இருக்கிறதா என்பதைத்தான் நான் சோதிக்கவே இல்லை.

அப்புறம் அக்காவே ஒரு துப்பு கொடுத்தாள். "அன்னிக்கு எழுதின குறிப்போட கடைசியில நான் எழுதாத எழுத்தெல்லாம் இருக்குடா. அர்த்தமே இல்லாம அஞ்சாறு தமிழ் எழுத்து." குறிப்பில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அந்த எழுத்துகள் தட்டச்சுப் பலகையில் எந்தெந்த விசையில் இருக்கின்றன என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். அவள் தமிழ்99 பலகையில் எழுதுகிறவள். அதில் க இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் எச் இருக்கும், ப இருக்கும் இடத்தில் ஜே, ம இருக்கும் இடத்தில் கே. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "ஐயோ, இது என் பாஸ்வேர்டோட முதல் பாதி."

அந்த ஒரு வரி எனக்கு இரண்டு செய்திகளைச் சொன்னது. விழித்த பிறகு சில கணினிகளில் பழைய படம் ஒரு நொடி தெரிந்து மறையும். பூட்டு உள்ளே சரியாகவே விழுந்திருக்கும், வரைகலைப் பகுதி கடைசியாக வைத்திருந்த படத்தை மட்டும் காட்டிவிடும். அங்கே அடிக்கிற எழுத்துகள் பூட்டுக்குத்தான் போகும். இங்கே எழுத்துகள் குறிப்புக்குள் போயிருக்கின்றன. ஆகவே தெரிந்தது பழைய படம் அல்ல, பூட்டப்படாத டெஸ்க்டாப்பேதான். யாராவது கை வைத்திருந்தால் எதை வேண்டுமானாலும் செய்திருக்கலாம். இரண்டாவது செய்தி, அந்த நேரத்தில் விசைப்பலகை தமிழில் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

<b>அந்த இரண்டு நொடி எங்கிருந்து வந்தது</b>

தூங்கப் போகும் முன் லாகின்டி, நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக எல்லோருக்கும் ஓர் அறிவிப்பை அனுப்பும். பிரிப்பேர்-ஃபார்-ஸ்லீப் என்பது அதன் பெயர். தூங்கும் முன் முடிக்க வேண்டிய வேலை உள்ள நிரல்கள் முன்கூட்டியே லாகின்டியிடம் ஒரு தாமதத் தடையை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தத் தடை யார் கையிலாவது இருக்கும்வரை லாகின்டி காத்திருக்கும். ஆனால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்காது. அமைப்பை மாற்றாவிட்டால் 5 விநாடி உச்சம். அது கழிந்தால், தடையை விட்டாலும் விடாவிட்டாலும் தூங்கிவிடும்.

எக்ஸ்எஸ்எஸ்-லாக் இந்தத் தடையை ஒழுங்காக வாங்கி வைத்திருந்தது. அறிவிப்பு வந்ததும் என் ஸ்கிரிப்டைக் கிளப்பியது. கிளப்பிய கையோடு தடையையும் விட்டுவிட்டது. அது அதன் இயல்பான நடத்தை. வேறு மாதிரி சொல்லாவிட்டால், பூட்டு நிரலைத் தொடங்கியதோடு தன் கடமை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். பூட்டு விழுந்துவிட்டதா என்று பார்க்காது. தடை போனதும் லாகின்டி, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் தூங்கச் சொல்கிறது. கெர்னல் தொடக்கத்திலேயே செய்வது பயனர் நிரல்கள் எல்லாவற்றையும் அப்படி அப்படியே உறைய வைப்பது. அப்போது என் ஸ்கிரிப்ட் என்ன செய்துகொண்டிருந்தது? படத்தை மங்கலாக்கிக்கொண்டிருந்தது. ஐ3லாக் இன்னும் தொடங்கவே இல்லை.

மூடியைத் திறந்ததும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. ஸ்கிரிப்ட் மிச்சம் இருக்கிற மங்கலாக்கலை முடிக்கிறது, ஐ3லாக்கைக் கூப்பிடுகிறது, திரை பூட்டுகிறது. தூங்கும் முன் முடிந்திருக்க வேண்டிய வேலையின் மிச்சம்தான் அக்கா பார்த்த அந்த இரண்டு நொடி.

சில நாள் மட்டும் ஏன் நடந்தது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பத்து நிமிடம் தொடாமல் விட்டால் திரை தானாகப் பூட்டும்படி வைத்திருந்தேன். அப்படி ஏற்கெனவே பூட்டிய பிறகு மூடியை மூடினால் எந்தச் சிக்கலும் இல்லை. எழுதிய கையோடு மூடினால்தான் சிக்கல். அதாவது, மிக முக்கியமான குறிப்பு திரையில் இருக்கிற அந்த நேரத்தில்தான்.

இதைச் சும்மா நம்பாமல் உறுதி செய்ய, ஸ்கிரிப்டின் ஒவ்வொரு படியிலும் சிஸ்டம் பதிவேட்டில் ஒரு வரி எழுத வைத்தேன். இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நானும் அரை மணி நேரம் சிக்கினேன். கணினியைத் தூங்க வைத்துச் சில விநாடியில் தானாக எழுப்ப ஆர்டிசிவேக் என்ற கட்டளை வசதியானது. ஆனால் அதையே தூங்கவும் வைக்கச் சொன்னால் அது லாகின்டியிடம் போகாது, நேரே கெர்னலிடம் போய்விடும். அறிவிப்பும் வராது, தடையும் கிடையாது, பூட்டு நிரலும் தொடங்காது. ஆகவே அந்தச் சோதனையில் திரை எப்போதும் பூட்டாமல்தான் விழிக்கும். அதைப் பார்த்துவிட்டு வேறு எங்கோ தேடப் போய்விடுவோம். சரியான வழி, ஆர்டிசிவேக்கிடம் எழுப்பும் நேரத்தை மட்டும் குறித்து வைக்கச் சொல்லிவிட்டு, தூங்க வைக்கிற வேலையை சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்டிடம் கொடுப்பது. அது லாகின்டி வழியாகவே போகும்.

அப்படிச் சோதித்துவிட்டு ஜர்னல்சிடிஎல்லில் பதிவைப் பார்த்தபோது வரிசை தெளிவாக இருந்தது. மூடி மூடப்பட்டது என்று லாகின்டி. ஸ்கிரிப்ட் தொடக்கம். படம் பிடித்தாயிற்று. அடுத்த வரி கெர்னலுடையது: தூக்கத்துக்குள் நுழைகிறேன். அதற்கு அடுத்ததும் கெர்னலுடையது: தூக்கத்திலிருந்து வெளியே வந்தேன். அதற்கும் கீழேதான் மங்கலாக்கி முடிந்தது என்ற என் வரி இருந்தது.

<b>சரி செய்தது</b>

மங்கலாக்குவதை முதலில் தூக்கி எறிந்தேன். வேகத்துக்காக மட்டும் இல்லை. பெரிய எழுத்தில் இருக்கிற பெயர்கள் மங்கலான படத்திலும் ஓரளவு புரிந்துவிடும். இப்படிப்பட்ட குறிப்புகள் இருக்கிற கணினியில் பூட்டுத்திரை ஒரே நிறத்தில் வெறுமையாக இருப்பதுதான் நல்லது.

அடுத்தது தடையைக் கை மாற்றுவது. எக்ஸ்எஸ்எஸ்-லாக்கில் டிரான்ஸ்ஃபர்-ஸ்லீப்-லாக் என்று ஒரு தெரிவு உண்டு. அதைக் கொடுத்தால் தடையைத் தானே விட்டுவிடாமல், தான் கிளப்புகிற பூட்டு நிரலிடம் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) ஒப்படைத்துவிடும். பூட்டு நிரல் திரையை மறைத்து முடித்த பிறகு அதை மூடும். அப்போதுதான் லாகின்டி தூங்க வைக்கும். ஐ3லாக்குக்கு இந்த ஏற்பாடு தெரியும். ஐ3யுடன் வருகிற இயல்பான அமைப்புக் கோப்பிலேயே இந்தத் தெரிவோடு கூடிய வரி இருக்கிறது. என் ஸ்கிரிப்டைப் போடுவதற்காக அந்த வரியை அழித்தவன் நான்தான்.

விசைப்பலகை விஷயத்துக்காக எனக்கு இன்னும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வேண்டியிருந்தது. அதனால் ஒரு நுணுக்கத்தைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. தடை என்பது ஒரு டிஸ்கிரிப்டர் என்பதால், ஸ்கிரிப்ட் கிளப்புகிற ஒவ்வொரு நிரலுக்கும் அதன் ஒரு பிரதி போய்விடும். எல்லாப் பிரதிகளும் மூடினால்தான் தடை நீங்கும். முதல் முயற்சியில் ஐ3லாக் தன்னிடம் இருந்ததை மூடியது, ஸ்கிரிப்ட் தன்னிடம் இருந்ததை மூடவில்லை. மூடியைச் சாத்திய பிறகும் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தால் சரியாக 5 விநாடி. அந்த எண்ணைக் கண்டால் உடனே புரிந்துகொள்ளலாம்: யாரோ தடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், லாகின்டி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகத் தூங்கியிருக்கிறது. பதிவிலும் அதை எழுதி வைக்கும். தடைகளை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று சிஸ்டம்டி-இன்ஹிபிட் கட்டளையிடம் பட்டியல் கேட்கலாம். எக்ஸ்எஸ்எஸ்-லாக்குடன் ஒரு மாதிரி ஸ்கிரிப்டும் வருகிறது. ஐ3லாக்கைக் கிளப்பும்போது அதற்குப் பிரதி போகாமல் தடுத்து, பூட்டு விழுந்த பிறகு தன் பிரதியைத் தானே மூடுகிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இப்போது மூடியைச் சாத்தினால் ஒரு நொடிக்குள் விசிறி நின்றுவிடுகிறது.

<b>சரியான கடவுச்சொல் தவறான கதை</b>

இனி இரண்டாவது குறை. குறிப்பு எழுதும்போது விசைப்பலகை தமிழில் இருக்கும். அக்காவின் கணினியில் இந்த மாற்றம் எக்ஸ்கேபி என்ற விசைப்பலகை அடுக்கிலேயே நடக்கிறது. திரை பூட்டினாலும் அது தமிழிலேயே நிற்கும். ஐ3லாக்கும் அதே நிலையைத்தான் படிக்கும். அவள் விரல்கள் பழகிய விசைகளை அழுத்துகின்றன, போய்ச் சேர்வது தமிழ் எழுத்துகள். திரையில் எந்த மொழி என்று தெரியாது, அடிக்கிற எழுத்தும் தெரியாது.

ஒருமுறை தவறினால் மறுபடி அடிப்போம். மூன்று முறை தவறினால் வேறு ஒருவர் உள்ளே வந்துவிடுவார்: தவறான கடவுச்சொற்களை எண்ணிக்கொண்டிருக்கும் பாம்_ஃபெயில்லாக் என்ற பாதுகாப்புப் பகுதி. ஆர்ச்சில் இது இயல்பாகவே இயங்குகிறது. மூன்று தவறுக்குப் பிறகு அந்தக் கணக்கை 10 நிமிடம் அடைத்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரியாக அடித்தாலும் தவறு என்றுதான் பதில் வரும். காரணத்தையும் சொல்லாது. அக்கா தன் ஞாபகத்தையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டாள். மற்றவர்கள் மறதியைப் பற்றிப் பேசக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் அவள், அது அவளை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

அணைத்துப் போட்டால் சரியானது ஏன்? தவறுகளின் கணக்கு ரன் என்ற அடைவில் இருக்கிறது. அது நினைவகத்தில் மட்டும் வாழ்வது, அணைத்தால் அழிந்துவிடும். மறுபடி தொடங்கும்போது விசைப்பலகையும் முதல் மொழியான ஆங்கிலத்துக்கு வந்துவிடும். இரண்டு காரணமும் ஒரே நேரத்தில் நீங்குவதால் ஏதோ இயந்திரக் கோளாறு போலத் தெரிந்தது. சேமிக்காத குறிப்புகள் சில அதில் போயின.

பூட்டும் ஸ்கிரிப்டின் முதல் வரியில், எக்ஸ்கேபி-ஸ்விட்ச் என்ற சிறு கருவியால் அப்போதைய மொழியைக் குறித்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்றினேன். பூட்டைத் திறந்த பிறகு பழைய மொழிக்கே திருப்பிவிடும். அக்கா விட்ட வாக்கியத்தைத் தமிழிலேயே தொடரலாம். ஃபெயில்லாக்கை நீக்கவில்லை. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது.

<b>மெனு திறந்திருந்தால்</b>

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, வலது சொடுக்கில் வரும் மெனுவைத் திறந்து வைத்தபடி ஒருமுறை மூடினேன். திறந்தால் பூட்டு இல்லை. எக்ஸ்11இல் பூட்டு நிரல் என்பது திரையை மூடி நிற்கும் ஒரு சாளரம்தான். விசைப்பலகையையும் சுட்டியையும் தன் பிடிக்குள் எடுத்துக்கொள்வதால்தான் அது பூட்டாகிறது. திறந்த மெனுவும் அதே பிடியைத்தான் வைத்திருக்கிறது. ஐ3லாக் பல தடவை முயன்று பார்க்கும். கிடைக்காவிட்டால் பூட்டாமலே வெளியேறிவிடும். எல்லா நிரலின் மெனுவிலும் இப்படி ஆகவில்லை, ஒன்றில்தான் ஆனது. அக்கா தினமும் குறிப்பு எழுதுகிற நிரலில்.

இது என் ஸ்கிரிப்டால் தீர்கிற விஷயம் இல்லை. எக்ஸ்11 வடிவமைக்கப்பட்டது 1987இல். பூட்டு என்ற ஒன்றை அதன் சர்வர் அறியாது. பூட்டு நிரல் செயலிழந்தால் பின்னால் இருக்கும் டெஸ்க்டாப் அப்படியே வெளியே வந்துவிடும். 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்டில் வெளியான பிழை இப்படிப்பட்டதுதான்: குழந்தைகள் பூட்டுத்திரையில் விசைகளைத் தாறுமாறாகத் தட்ட, திரை விசைப்பலகை நிரலில் ஒரு பிழை கிளம்பிப் பூட்டு நிரலே விழுந்து டெஸ்க்டாப் திறந்துவிட்டது.

எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்டில் இதற்கென்றே 2022இல் எக்ஸ்ட்-செஷன்-லாக் என்ற நெறிமுறை வந்தது. அங்கே பூட்டுவது திரையை ஆளும் கம்பாசிட்டரே. பூட்டு நிரல் கடவுச்சொல்லைக் கேட்கும் முகப்பு மட்டும். மெனு திறந்திருந்தாலும் கம்பாசிட்டர் கேட்காமல் மறைத்துவிடும். முகப்பு நிரல் நடுவில் செத்துப்போனாலும் திரை வெறுமையாக நிற்குமே தவிரத் திறக்காது. கதவு உடைந்தால் திறந்துவிடாமல் அடைத்துக்கொள்கிற வீடு மாதிரி. ஐ3க்குப் பழகியவர்களுக்கு, வேலண்டில் அதற்கு இணையான ஸ்வே புதிதாகத் தெரியாது, அமைப்புக் கோப்பும் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கே போய் மாற்றிக் கொடுத்தேன்.

அங்கேயும் பழைய பாடத்தை மறக்கவில்லை. தூங்கும் முன் பூட்ட ஸ்வேஐடில் இருக்கிறது. கட்டளை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் டபிள்யூ தெரிவை அதற்கும், பூட்டு விழுந்த பிறகே பின்னணிக்குப் போகச் சொல்லும் எஃப் தெரிவை, அங்கே பூட்டு நிரலான ஸ்வேலாக்குக்கும் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் வரிசை குலையும். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் இருந்தால், தட்டச்சு செய்யும்போது எந்த மொழி என்பதை ஸ்வேலாக் திரையிலேயே காட்டிவிடுகிறது. அக்காவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

கடைசியாகச் சோதனை. கண்ணை நம்பவில்லை. போனை நிறுத்தி வைத்து ஸ்லோ மோஷனில் படம் எடுத்தபடி முப்பது தடவை மூடித் திறந்தேன். எழுதிய கையோடு மூடினேன், மெனுவைத் திறந்துவைத்து மூடினேன், உலாவியில் வீடியோக்களை ஓடவிட்டு நினைவகம் திணறும்போது மூடினேன், தமிழில் பாதி வாக்கியத்தில் மூடினேன். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். குறிப்பின் ஒரு வரிகூட எதிலும் தெரியவில்லை.

அதற்குள் அக்கா, பெயர் வெளிப்பட்டுப்போனவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டிருந்தாள். நான் கிளம்பும்போது, முதல் நாள் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாள். "பூட்டுது அக்கா" என்றேன்.